பிறசிடென்றர் பெண்சாதி

ஐந்து செப்புக் காசு, இருபத்தைந்து சதம்.
முத்திரைச் செலவுக்கென்று தந்தது.
இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது.

வேலணைக் கிராமக் கோட்டில்
பதினெட்டு வருடம் எழுதுவினைஞன் நான்.
வேலி அரக்கியவன், பனங்காய் பொறுக்கியவள்,
அயலானின் பயிற்றங்கொடியை மேய்ந்த ஆட்டின் சொந்தக்காரன்,
எல்லோரும் என் கையெழுத்தில் இருக்கிறார்கள்.
பிறசிடென்ற் இலங்கைநாயக முதலியார்
தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு
"ஒரு ரூபா தண்டம்" என்பார்.
நான் மையொற்றுவேன்.

கோட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு,
கிணற்றுக்குப் பின்னால் அவர் வீட்டுக் குசினி.
அங்கே பின் படலையால் பெண்கள் வருவார்கள்,
கடகத்தில் நாலு கத்தரிக்காய், இரண்டு ஓராமீன்.
வாங்கிக்கொள்வா.
கடகம் வெறுமனே திரும்பாது,
ஒடியலோ உப்போ ஏதாவது கிடக்கும் அதில்,
லஞ்சமென்று ஒருத்தரும் சொல்லிவிடாதபடி.
மத்தியானம் சோறு போடும்போது
ஒரு சொல் விழும்:
"புளியங்கூடல் பெட்டை பால்பிள்ளைக்காரி."
பின்னேரத் தீர்ப்புகள் மலிவு.
வழக்கைப் பின்னேரத்துக்குத் தள்ளச் சொல்லி
எனக்குச் சுருட்டு வரும். பொய் சொல்வானேன், பற்றினேன்.

பேதி வந்த வருடம்
இரண்டு பிள்ளைகள், ஒரு கிழமைக்குள்.
கோடு மூன்று நாள் பூட்டிக் கிடந்தது.
பிறகு ஒரு மாதம்
பின்னேரத்திலும் தண்டம் குறையவில்லை.

மகாராணிக்கு ஐம்பதாம் ஆண்டு விழா.
தோணியேறி, வண்டியேறி, கச்சேரிக்குப் போனோம்.
கூறைச்சேலை உடுத்திருந்தா, உப்புக்காற்றில்
கொய்யகம் கலையாமல் பிடித்தபடி.
துரைசாணி குனிந்து கேட்டா, பெயர் என்னவென்று.
மொழிபெயர்க்க நான் நின்றேன்.
எனக்குத் தெரியாது.
"பிறசிடென்றர் பெண்சாதி" என்றேன் இங்கிலீசில்.
துரைசாணி சிரித்தா. இவவும் சிரித்தா,
என்ன சொன்னேனென்று விளங்காமல்.

அடுத்த மாரியில்
தமையன் கோணாமலை கதியால் நட்டான்,
இலந்தையடி வளவுக்குள் இரண்டு முழம் தள்ளி.
அது அவவின் சீதனக் காணி.
குசினி வழியாக வரவில்லை அவ.
ஒழுங்கை சுற்றி, முன் படலையால் வந்து
ஆட்டுக்காரனுக்குப் பின்னால் வரிசையில் நின்றா.
மேசையில் ஐந்து காசை ஒவ்வொன்றாய் வைத்தா.
"எழுதும்."
"பேர்?"
எட்டு வருடம் அந்தக் கையால் சாப்பிட்டவன் நான்.
என்னை ஒருமுறை பார்த்தா.
"கதிராசிப்பிள்ளை. இலந்தையடி வளவுக்கு உரித்துக்காரி."
எழுதினேன். ளகரம் கொஞ்சம் நடுங்கிவிட்டது.

முதலியார் இரண்டு தரம் வாசித்தார்.
"புருசன் சேராமல் பெண்சாதி வழக்குப் போடேலாது.
புருசன் நான்.
நான் சேர்ந்தால் நான் விளங்கேலாது."
சட்டம் சரிதான். நானும் படித்திருக்கிறேன்.
பேனையை என் கையிலிருந்து வாங்கி
பெயரின் மேல் ஒரு கோடு.
"அடுத்தது?"
ஆடு.

"அப்ப என்ரை காசு?" என்றா என்னிடம்.
"முத்திரை கிழிச்சாச்சு."
கிழிக்கவில்லை.
அன்றைக்கும் மத்தியானம் எனக்குச் சோறு வந்தது,
மீன்குழம்போடு.

தை பிறக்கமுன்னம் ஒரு காலை
வேலி பழைய இடத்தில் நின்றது.
ஈர மண், பிடுங்கி நட்ட கிளுவை,
பட்டைகூட உரியவில்லை.
யாரென்று தெரியாது. முதலியாருக்கு
அந்தக் கிழமை முழுக்க உள்ளங்கையில் கொப்புளம்
என்று ஒரு கதை. கூலிக்காரன் என்று இன்னொரு கதை.
கோணாமலை முறைப்பாட்டோடு வந்தான்.
சுருட்டும் நீட்டினான்.
வழக்கைக் காலைக்கு வைத்தேன்.

முதலியாரின் எட்டுச் செலவுக்குப் போனபோது
காசை மடியில் முடிந்துகொண்டு போனேன்.
வெள்ளைச் சேலையோடு குசினி வாசலில் இருந்தா.
"எழுதுறவருக்கு இலை போடுங்கோ" என்றா உள்ளே.
என் பெயர் அவவுக்கும் தெரியாது போல.
சாப்பிட்டேன். கை கழுவினேன்.
முடிச்சை அவிழ்க்கவில்லை.

ஐந்திலும் மகாராணியின் முகம்.
ஒன்றில் மட்டும் மூக்குத் தேய்ந்திருக்கிறது.